நுரையீரல் மாற்றுக்குப் பின் மூச்சுக்குழாய் சுருங்கினால்: நோயாளிக்கும் குடும்பத்துக்கும் ஒரு முழு வழிகாட்டி

நுரையீரல் மாற்று அறுவை முடிந்து வீடு திரும்பியவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு வார்த்தைக்குத்தான் பயப்படுகிறார்கள்: ரிஜெக்‌ஷன். மூச்சு வாங்கினால் ரிஜெக்‌ஷன், ஊதும் அளவு குறைந்தால் ரிஜெக்‌ஷன். உடல் புது நுரையீரலை அந்நியமாகக் கருதித் தாக்கும் நிராகரிப்புதான் அது. அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் அதே அறிகுறிகளோடு வரும் இன்னொரு பிரச்சினையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. புது நுரையீரலையும் பழைய மூச்சுக்குழாயையும் சேர்த்துத் தைத்த இடம் சுருங்கிப்போவது, தளர்ந்துபோவது, சதை வளர்ந்து அடைபடுவது. இதைக் குழாய் விட்டுக் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்க முடியும். கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரி செய்யவும் முடியும். அதனால்தான் இதைத் தவறவிடக் கூடாது என்று அழுத்திச் சொல்கிறேன்.

இந்தியாவில் நுரையீரல் மாற்று அதிகம் நடக்கும் நகரங்களில் சென்னையும் ஒன்று. ஆனால் அறுவை முடிந்ததும் மதுரைக்கோ தஞ்சாவூருக்கோ, வெளி மாநிலத்துக்கோ திரும்பிவிடுகிறவர்கள் பலர். அங்கே பக்கத்தில் இருக்கும் மருத்துவர் மாற்று நுரையீரலைப் பார்த்தே இருக்க மாட்டார். அப்படிப்பட்ட நேரத்தில் எதைக் கவனிப்பது, என்ன கேட்பது என்று நோயாளிக்கும் கூட இருப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் மாற்று சிகிச்சைக் குழு சொல்வதும் இங்கே எழுதியிருப்பதும் வேறுபட்டால் குழு சொல்வதையே பின்பற்றுங்கள். உங்கள் நுரையீரலை அறிந்தவர்கள் அவர்கள்தான்.

முதல் படி: அந்தத் தையல் ஏன் பலவீனமானது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நுரையீரலுக்கு இரண்டு வகை ரத்த ஓட்டம் உண்டு. ஆக்சிஜன் ஏற்றிக்கொள்வதற்காக இதயத்திலிருந்து பெரிய நுரையீரல் தமனி வழியாக வருவது ஒன்று. மகாதமனியிலிருந்து மெல்லிய கிளைகளாகப் பிரிந்து மூச்சுக்குழாயின் சுவருக்குச் சத்து தருவது இன்னொன்று. மாற்று அறுவையில் பெரிய தமனியை இணைத்துவிடுகிறார்கள். மெல்லிய கிளைகளை இணைப்பது மிகக் கடினம், அதனால் பெரும்பாலான மையங்களில் அதைச் செய்வதில்லை. விளைவாக, கொடையாளியின் பக்கத்து மூச்சுக்குழாய்த் துண்டு முதல் சில வாரங்களுக்கு நுரையீரல் தமனியிலிருந்து பின்னோக்கிக் கசிந்து வரும், ஆக்சிஜன் குறைந்த ரத்தத்தை நம்பித்தான் உயிரோடு இருக்கிறது. தையலைத் தாண்டிப் புது ரத்த நாளங்கள் முளைக்க 2 முதல் 4 வாரம் ஆகும். இன்று நாம் பேசும் சிக்கல்களில் பெரும்பாலானவற்றின் வேர் அந்த வாரங்களில்தான் இருக்கிறது, வெளியே தெரிவது மாதங்கள் கழித்து என்றாலும்.

நுரையீரல் மாற்றின் வரலாறே ஒரு வகையில் இந்தத் தையலின் வரலாறுதான். 1963இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஜேம்ஸ் ஹார்டி முதன்முதலாக ஒரு மனிதருக்கு நுரையீரல் மாற்றினார். நோயாளி 18 நாள் வாழ்ந்தார். அதற்குப் பிறகான 20 ஆண்டுகளில் உலகம் முழுக்கச் சுமார் 40 முயற்சிகள் நடந்தன. சில வாரங்களைத் தாண்டியவர்கள் மிகக் குறைவு. மூச்சுக்குழாய்த் தையல் பிரிந்துபோனது அதற்கு முக்கியமான காரணம். டொரன்டோவில் ஜோயல் கூப்பரின் குழு, நிராகரிப்பைத் தடுக்க ஸ்டீராய்டு அதிக அளவில் கொடுத்தால் தையல் ஆறுவது கெடுகிறது என்று ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்தது. 1983இல் அவர்கள் செய்த அறுவையில் நிராகரிப்பைத் தடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தால் ஸ்டீராய்டைக் குறைக்க முடிந்தது. வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புச் சவ்வை மேலே இழுத்துத் தையலைச் சுற்றி ரத்த ஓட்டமும் கொடுத்தார்கள். அந்த நோயாளி 6 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். இன்று அந்தச் சவ்வைச் சுற்றுவது வழக்கத்தில் இல்லை. கொடையாளியின் மூச்சுக்குழாயை முடிந்தவரை குட்டையாக வெட்டி, சுற்றியிருக்கும் திசுவைச் சிதைக்காமல் விட்டு, முனையோடு முனை சேர்த்துத் தைக்கிறார்கள்.

இவ்வளவு முன்னேறிய பிறகும் பல மையங்களின் கணக்குகளில் 2 முதல் 18 சதவீதம் நோயாளிகளுக்கு ஏதாவது ஒரு மூச்சுக்குழாய்ச் சிக்கல் வருகிறது. வென்டிலேட்டரில் நீண்ட நாள் இருந்தவர்கள், முதல் நாட்களிலேயே புது நுரையீரல் சரியாக வேலை செய்யாமல் திணறியவர்கள், தையல் இடத்தில் தொற்று வந்தவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு கூடுதல். உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் இவற்றில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சிரோலிமஸ் என்ற மருந்து தையல் ஆறுவதைத் தடுக்கும். ஆகவே தையல் முழுக்க ஆறும்வரை அதைத் தொடங்க மாட்டார்கள். வேறு இடத்தில் யாராவது எழுதிக் கொடுத்தால் உங்கள் குழுவிடம் கேட்காமல் விழுங்காதீர்கள்.

இரண்டாம் படி: என்ன வரும், எப்போது வரும்

முதல் வாரங்களில் வருவது திசு கருத்து அழுகுவதும் தையல் பிரிவதும். இவை பெரும்பாலும் மருத்துவமனையில் இருக்கும்போதே தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்தபின் கழுத்திலோ மார்பிலோ தோல் உப்பி, தொட்டால் நறநறவென்று இருந்தால் காற்று கசிகிறது என்று பொருள். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நாட்பட்ட சிக்கல்களில் முதன்மையானது சுருக்கம். பெரும்பாலும் அறுவைக்குப் பின் 2 முதல் 9 மாதத்துக்குள் தலைகாட்டும். தையல் இடத்திலேயே சுருங்கலாம், அதற்குக் கீழே இருக்கும் குழாயிலும் சுருங்கலாம். வலது பக்கத்தில் மேல் மடலுக்குக் கீழே ஓடும் இடைக் குழாய் சிலருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகி முற்றிலும் மூடிப்போகும். இது அரிது, ஆனால் மிகக் கடுமையானது. ஒருமுறை திறந்தாலும் மறுபடி மூடிக்கொள்ளும்.

அடுத்தது குழாய்ச் சுவரின் குருத்தெலும்பு தளர்ந்துபோவது. மூச்சை உள்ளே இழுக்கும்போது குழாய் நன்றாகத் திறந்திருக்கும். வெளியே விடும்போது சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வெளிமூச்சில் பாதிக்கு மேல் குறுகினால் அதை நோயாகக் கணக்கிடுகிறார்கள். குரைப்பது போன்ற இருமலும், வெளியே வர மறுக்கும் சளியும் இதன் அடையாளம்.

காயம் ஆறும்போது தேவைக்கு மேல் சதை வளர்வதும் உண்டு. இதற்கெல்லாம் எண்ணெய் ஊற்றுவது தொற்று, அதிலும் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை. ரத்த ஓட்டம் குறைந்த தையல் இடத்தில் அது எளிதாக ஒட்டிக்கொள்ளும். வைக்கோல் போர், மாட்டுத் தொழுவம், உரக்குழி, பழைய கட்டடம் இடிக்கும் இடம் ஆகியவற்றில் அதன் வித்துகள் காற்றில் நிறைந்திருக்கும். கிராமத்து வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் இதைக் குடும்பத்தாரிடம் வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது. தொழுவத்தைக் கூட்டுவது இனி அவர் வேலை இல்லை.

மூன்றாம் படி: தினமும் ஊதுங்கள், எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைத் தேர்ந்தெடுங்கள். மாற்றும்போது நுரையீரலுக்கு வரும் நரம்புகள் அறுபடுகின்றன. தையலுக்குக் கீழே சளி தேங்கினாலும் இருமலை எழுப்பும் உணர்வு மங்கிப்போயிருக்கும். அதனால் குழாய் பாதி சுருங்கும்வரை ஒன்றுமே தெரியாமல் நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள். தெரியத் தொடங்கும்போது வேகமாகத் தெரியும். காற்று சீராக ஓடும் ஒரு குழாயின் விட்டம் பாதியானால் அதன் தடை 16 மடங்காகிறது. நேற்றுவரை மாடி ஏறியவர் இன்று குளித்துவிட்டு வந்தாலே மூச்சு வாங்குவது இதனால்தான்.

ஊதும் காற்றை அளக்கும் வீட்டு ஸ்பைரோமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரே நேரத்தில் ஊத வேண்டும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, மூக்கை கிளிப்பால் அடைத்து, மூச்சை முழுக்க உள்ளே இழுத்து, உதடுகளால் குழாயை இறுகக் கவ்வி, ஒரே வீச்சில் வேகமாக ஊதுங்கள். காற்று தீர்ந்துவிட்டது போலத் தோன்றினாலும் 6 வினாடிவரை நிறுத்தாதீர்கள். மூன்று முறை ஊதி, அவற்றில் சிறந்ததைத் தேதியோடு எழுதுங்கள். சிறந்த இரண்டுக்கும் இடையே 150 மில்லிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஊதிய முறையில் பிசகு இருக்கலாம். கொஞ்சம் ஓய்வெடுத்து மறுபடி ஊதுங்கள்.

கவனிக்க வேண்டிய எண் முதல் ஒரு வினாடியில் வெளியேறும் காற்றின் அளவு. கருவியில் இது எஃப்.இ.வி.1 என்று வரும். பக்கத்துப் படுக்கைக்காரரின் எண்ணோடு உங்களுடையதை ஒப்பிடாதீர்கள். உங்களுடைய சிறந்த எண்தான் அளவுகோல். அது 2.50 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 2.25க்குக் கீழே இறங்கி இரண்டு நாள் அங்கேயே நின்றால், அதாவது 10 சதவீதம் குறைந்தால், குழுவை அழைக்க வேண்டும். காய்ச்சல் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று தள்ளிப்போடாதீர்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதல் மாதங்களில் இந்த எண் ஏறிக்கொண்டே வர வேண்டும். ஏறாமல் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் அதுவும் கேட்க வேண்டிய கேள்விதான்.

எண்ணோடு சேர்த்து இவற்றையும் குறித்து வையுங்கள்: ஒரு பக்கத்தில் மட்டும் கேட்கும் இழுப்புச் சத்தம், சளியின் நிறமும் நாற்றமும், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் நிமோனியா. கடைசியாகச் சொன்னது மிக முக்கியமான தடயம். அடைபட்ட குழாய்க்குப் பின்னால் சளி தேங்கித்தான் அங்கேயே தொற்று திரும்பி வருகிறது.

நான்காம் படி: எண் இறங்கியது, இப்போது என்ன

மருத்துவமனையில் முதலில் தொற்றைத் தேடுவார்கள். நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை ரத்தத்தில் பார்ப்பார்கள். அதற்காக வரும் காலையில் ரத்தம் கொடுக்கும்வரை மாத்திரை போடக் கூடாது. கையோடு கொண்டுபோய், கொடுத்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள். பெரிய கருவியில் ஊத வைத்து, காற்றோட்டத்தின் வளைவு வரைபடத்தைப் பார்ப்பார்கள். பெரிய குழாய் சுருங்கியிருந்தால் வளைவின் உச்சி தட்டையாகிப்போகும். அனுபவம் உள்ள கண்ணுக்கு அதுவே பாதி பதில். பிறகு சி.டி. ஸ்கேன். மூச்சை இழுத்துப் பிடித்து ஒன்று, வெளியே விட்டு ஒன்று என இரண்டும் எடுத்தால்தான் தளர்ந்த குழாய் மாட்டும்.

இறுதித் தீர்ப்பு ப்ராங்கோஸ்கோபிக்குத்தான், அதாவது மூச்சுக்குழாய்க்குள் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பதற்குத்தான். ஆறு மணி நேரம் வெறும் வயிறு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறவர்கள் எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே கேளுங்கள். மயக்க ஊசி போடுவதால் அன்று வண்டி ஓட்டக் கூடாது. முடிந்த பிறகு சளியில் ரத்தக் கீற்று வருவதும் அன்றிரவு லேசான காய்ச்சலும் வழக்கம்தான். காய்ச்சல் மறுநாளும் நீடித்தாலோ ரத்தம் கூடிக்கொண்டே போனாலோ உடனே அழையுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. தயங்காமல் கேளுங்கள். சார், தையல் இடத்தைப் பார்த்தீர்களா? எத்தனை சதவீதம் திறந்திருக்கிறது? ஸ்கோப் அதைத் தாண்டிப் போனதா? கீழே இருக்கும் கிளைகளும் திறந்திருக்கின்றனவா? படம் எடுத்திருந்தால் ஒரு பிரதி கிடைக்குமா? சர்வதேச இதய, நுரையீரல் மாற்றுக் கழகம் 2018இல் இந்தச் சிக்கல்களை நான்காக வகைப்படுத்தியது: ரத்த ஓட்டம் குறைந்து அழுகுதல், பிரிதல், சுருக்கம், தளர்ச்சி. சுருக்கத்தைக் கால்பங்கு வரை, பாதி வரை, பாதிக்கு மேல், முழு அடைப்பு என்று குறிக்கச் சொன்னது. உங்கள் அறிக்கையில் வெறுமனே சுருக்கம் என்று மட்டும் இல்லாமல் இடமும் அளவும் இருந்தால், அடுத்த முறை யார் பார்த்தாலும் ஒப்பிட முடியும்.

ஐந்தாம் படி: சிகிச்சை எந்த வரிசையில்

முதலில் பலூன். சுருங்கிய இடத்தில் சின்ன பலூனை வைத்து ஊதி விரிப்பார்கள். உடனே மூச்சு லேசாகும். அந்த மகிழ்ச்சி சில வாரங்களில் குறையலாம், ஏனென்றால் ஒருமுறை விரித்து முடிந்துபோகும் விஷயமில்லை இது. பலருக்கு மறுபடி மறுபடி விரிக்க வேண்டியிருக்கும். அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு முறைக்கும் இடையே உள்ள காலம் நீண்டுகொண்டே போகிறதா என்று பாருங்கள். நீண்டால் சரியான திசையில் போகிறது. வளர்ந்த சதையைச் சூடு வைத்தோ, லேசரால் எரித்தோ, உறைய வைத்தோ அகற்றுவார்கள். மறுபடி தழும்பு வராமலிருக்க ஸ்டீராய்டு ஊசியோ மைட்டோமைசின் மருந்தோ அந்த இடத்தில் வைப்பதும் உண்டு.

இதற்கும் அடங்கவில்லை என்றால்தான் ஸ்டென்ட், அதாவது குழாயைத் திறந்து வைக்க உள்ளே பொருத்தும் சின்னக் குழல். இதயத்தில் வைக்கும் ஸ்டென்ட்டைப் போல வைத்துவிட்டு மறந்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறான எண்ணம். சிலிக்கான் ஸ்டென்ட்டுக்கு முழு மயக்கமும் விறைப்பான குழாய்க் கருவியும் தேவை. அது நகரலாம், சளி அடைக்கலாம். ஆனால் வேண்டாதபோது எடுத்துவிட முடியும். தானாக விரியும் உலோக ஸ்டென்ட்டை வைப்பது எளிது, எடுப்பது கடினம். சதை அதன் கம்பிகளுக்குள் வளர்ந்துவிடும், கம்பி உடையவும் செய்யும். புற்றுநோய் இல்லாத சுருக்கத்துக்கு மற்ற வழிகளையெல்லாம் பார்த்த பிறகே உலோக ஸ்டென்ட்டை நினைக்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இல் எச்சரித்தது. உலோகம் வைப்பதாகச் சொன்னால், எப்போது எடுப்பீர்கள் என்பதுதான் உங்கள் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். ஒரு விதிவிலக்கு உண்டு. தையல் பிரிந்தவர்களுக்கு மூடாத கம்பி ஸ்டென்ட்டைச் சில வாரங்களுக்கு மட்டும் வைப்பார்கள். மற்ற இடத்தில் தொல்லை தரும் அதே சதை வளர்ச்சி இங்கே பிளவை மூட உதவுகிறது.

உடலிலேயே கரைந்துபோகும் ஸ்டென்ட்டுகள் சில மையங்களில் இருக்கின்றன. தளர்ந்த குழாய்க்கு இரவில் மூச்சு அழுத்தக் கருவி போட்டால் காற்றழுத்தமே குழாயைத் திறந்து வைக்கும், அதை முதலில் முயன்று பார்ப்பது நல்லது. எதுவுமே பலிக்காதபோது சுருங்கிய துண்டை வெட்டிச் சேர்க்கும் அறுவையும், கடைசியாக மறு மாற்றும் இருக்கின்றன.

ஆறாம் படி: ஸ்டென்ட்டோடு வீட்டில்

காலை, மாலை இருவேளையும் உப்பு நீர் நெபுலைசர் வைக்கச் சொல்வார்கள். இதை ஒருநாளும் விடாதீர்கள். ஸ்டென்ட்டின் சுவரில் சளியை மேலே தள்ளும் நுண்மயிர்கள் கிடையாது. ஈரம் போனால் சளி கட்டியாகி ஒட்டிக்கொள்ளும். நெபுலைசர் கோப்பையைக் குழு சொன்ன முறையில் சுத்தம் செய்து நன்றாக உலர்த்தி வையுங்கள். குழாய்த் தண்ணீரை அதில் ஊற்றாதீர்கள். பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தந்த சளி வெளியேற்றும் பயிற்சியைத் தொடருங்கள்.

வீட்டில் புகை வேண்டாம். சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்தி எல்லாமே இதில் சேரும். போகி, தீபாவளி நாட்களில் கதவைச் சாத்தி உள்ளே இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மருந்துகளில் ஒரு கண் இருக்கட்டும். பூஞ்சைக்குத் தரும் வோரிகோனசோல் டாக்ரோலிமஸ் அளவைப் பல மடங்கு ஏற்றிவிடும். அதை நிறுத்தும்போது அளவு சரிந்துவிடும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் இதற்கு நேர் எதிர், அளவை அடியோடு இறக்கும். நம் ஊரில் காசநோய் மருந்து தொடங்குவது அரிதல்ல என்பதால் இதைச் சொல்கிறேன். இவற்றைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் குழுவுக்குத் தெரிய வேண்டும். பம்பளிமாஸ் பழத்தையும் தவிர்த்துவிடுங்கள், அதுவும் அளவை ஏற்றும்.

ஏழாம் படி: குழாய் திறந்திருந்தும் எண் இறங்கினால்

பெரிய குழாய்களைப் பார்த்தாயிற்று, சுருக்கம் இல்லை, தொற்றும் இல்லை. எண் மட்டும் சிறந்த அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போய் மூன்று மாதமாகத் திரும்பவில்லை. அப்போதுதான் நாட்பட்ட நிராகரிப்பு என்ற பெயரை உறுதியாக வைக்கிறார்கள். மாற்று நுரையீரல் பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஐந்து ஆண்டுக்குள் இது வருகிறது. கண்ணுக்கு எட்டாத மிகச் சிறிய காற்றுக்குழல்கள் தழும்பாகி மூடிப்போவது இதன் பெரும்பான்மை வடிவம். பலூனோ ஸ்டென்ட்டோ அங்கே போக முடியாது. அசித்ரோமைசின் மாத்திரையை வாரம் மூன்று நாள் கொடுத்து, குறைந்தது 8 வாரம் பார்ப்பார்கள். சிலருக்கு எண் திரும்பி ஏறுகிறது. இரைப்பை அமிலம் மேலே ஏறுவதைத் தடுப்பதும், ரத்தத்தை வெளியே எடுத்து ஒளி பாய்ச்சித் திரும்பச் செலுத்துவதும் மற்ற வழிகள். இவை பெரும்பாலும் சரிவின் வேகத்தைத்தான் குறைக்கின்றன.

இரண்டு நோய்க்கும் மருத்துவம் இவ்வளவு வேறு என்பதால், தையல் இடத்தைப் பார்க்காமல் யாராவது நாட்பட்ட நிராகரிப்பு என்று சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். இரண்டும் ஒரே ஆளுக்கு ஒன்றாக வரவும் கூடும். அப்போதும் திறக்கக்கூடிய குழாயைத் திறந்துவிடுவது மூச்சுக்கு உதவும்.

எட்டாம் படி: அவசரம் என்றால்

மூச்சு இழுக்கும்போதோ விடும்போதோ பலமான சத்தம், பேச முடியாத திணறல், திடீரென்று ஆக்சிஜன் அளவு இறங்குவது, ஸ்டென்ட் வைத்தவருக்குத் திடீரென்று கரகரப்பான ஓயாத இருமல் எடுப்பது ஆகிய எதிலும் காத்திருக்காதீர்கள், 108ஐ அழையுங்கள். புதிதாகச் சளியில் ரத்தம் வந்தால், ப்ராங்கோஸ்கோபி செய்த மறுநாளாக இல்லாத பட்சத்தில், கொஞ்சமாக இருந்தாலும் அன்றே காட்டுங்கள். தையல் இடத்துக்கும் பக்கத்துத் தமனிக்கும் இடையே ஓட்டை விழுவது அரிது, ஆனால் பெரிய ரத்தப்போக்குக்கு முன்னால் அது சின்னக் கசிவாகத்தான் தொடங்கும்.

பர்ஸில் ஒரு அட்டை எப்போதும் இருக்கட்டும். எந்த நுரையீரல் மாற்றப்பட்டது, எந்தத் தேதியில், ஸ்டென்ட் எந்தப் பக்கம், என்ன வகை, என்ன அளவு, கடைசியாக எப்போது பார்த்தார்கள், என்னென்ன மருந்து, குழுவின் தொலைபேசி எண். பக்கத்து ஊர் மருத்துவமனையில் அவசரமாகத் தொண்டையில் குழாய் போட வேண்டி வந்தால், போடும் மருத்துவரிடம் ஸ்டென்ட் இருப்பதை முதல் வாக்கியமாகச் சொல்லி அந்த அட்டையை அவர் கையில் கொடுங்கள். தெரியாமல் குழாயை ஆழமாகத் தள்ளினால் ஸ்டென்ட் நகர்ந்துவிடும்.